செவலையின் கழுத்தில் என் கயிறு

உயிருள்ள சரக்கை விக்கிறவனுக்கு, சரக்கு கைமாறின பிறகுதான் வியாபாரமே ஆரம்பமாகும். துணி வித்தவன் நிம்மதியா தூங்கலாம். சாயம் போனா வாங்கினவ நாலு வார்த்தை திட்டுவா, அதோட சரி. மாடு வித்தவனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லைங்க. வித்த மாடு தும்மினாலும் அவன் பேருதான் அடிபடும், படுத்தாலும் அவன் பேருதான், செத்தா கேக்கவே வேணாம். ஆடு, கோழி, பால் மாடு, தோடம்பழக் கன்னு, கிராம்புக் கன்னுன்னு மூச்சு விடுற சாமானை வித்துப் பிழைக்கிற என்னைப் போல பாவப்பட்ட ஜென்மங்களே, இதை உங்களுக்காகத்தான் சொல்றேன். மத்தவங்க சிரிச்சாலும் சிரிப்பாங்க, நீங்க தலையை ஆட்டுவீங்க.

என் பேரு சுப்பையா. மாத்தளை டவுன் முடிஞ்சு இரத்தோட்டைக்குப் போற ரோட்டோரமா என் மாட்டுப் பட்டி இருந்துச்சு. மலைத் தோட்டத்துத் தேயிலைப் பெட்டியெல்லாம் மாட்டு வண்டியில இறங்கி மாத்தளை ஸ்டேசனுக்குப் போய் ரயில் ஏறின காலம் அது. லொறி அப்பத்தான் அங்கொண்ணும் இங்கொண்ணுமா தலை காட்டிக்கிட்டிருந்துச்சு.

ஆணி காலி

எங்க தொழில்ல பத்திரம் கித்திரம் எல்லாம் கிடையாது. கயிறுதான் பேச்சு. மாட்டை வாங்குறவன் என் கழுத்துக் கயிறோடதான் ஓட்டிக்கிட்டுப் போவான். அவன் வீட்டுல அது தண்ணி குடிக்குதா, அசை போடுதா, இருமுதா, வண்டி இழுக்குதான்னு பார்ப்பான். மனசு திருப்திப்பட்டா தன் கயிறை மாட்டுக்குப் போட்டுட்டு, என் கயிறைக் கொண்டுவந்து கொடுத்துடுவான். கொடுத்துட்டா அதுக்குப் பிறகு மாடு சீமைக்குப் பறந்து போனாலும் என்னைக் கேக்க முடியாது. என் கயிறு கழுத்தில கிடக்கிற வரைக்கும் அதுக்கு என்ன நோய் வந்தாலும் என் தலையிலதான். மாடு திரும்பி வந்தா நான் எடுத்துக்கணும், செத்தா வேற மாடு கொடுக்கணும்.

பட்டிச் சுவத்தில வரிசையா ஆணி அடிச்சு வச்சிருந்தேன். கயிறு தொங்குற ஆணியைப் பார்த்தா மனசு குளிரும். காலி ஆணி கண்ணில பட்டா சோறு இறங்காது.

மார்கழியில ஒரு நாள் மாரிமுத்து வந்தான். தோட்டத்துக் கூலிங்க குடியிருக்கிற லயத்தில பிறந்து வளர்ந்து, புருசனும் பொஞ்சாதியும் கஞ்சியைக் குடிச்சுச் சேத்து வச்சு ஒரு வண்டியும் ரெண்டு மாடும் வாங்கி, தோட்டத்துக் கூலிப் பதிவில பேரை வெட்டிட்டு வெளியே வந்தவன். அந்த ரெண்டில ஒண்ணு பள்ளத்தில விழுந்து காலை ஒடிச்சுக்கிச்சு. மிச்சம் இருந்தது கருப்பன்னு ஒரு மாடு. "பொங்கல் கழிஞ்ச கையோட பெட்டி ஏத்த வண்டி வரலேன்னா லொறிக்குக் கொடுத்துருவோம்"னு தோட்டத்துக் கிளாக்கர் சொல்லிட்டாராம். வண்டி போச்சுன்னா அவங்களுக்குத் திரும்பவும் அதே லயம், அதே கங்காணி, விடியுமுன்னே வேலைக்கு விரட்டுற அதே கொம்புச் சத்தம்.

அதனால என் பட்டியில நின்ன செவலைக் காளையை அவன் பார்த்த மாதிரி எவனும் பொண்ணைக் கூடப் பார்த்திருக்க மாட்டான். காதைத் தொட்டுப் பார்த்தான், மூக்கில ஈரம் இருக்கான்னு பார்த்தான், பல்லைப் பிரிச்சான், குளம்பைத் தூக்கினான், சாணத்தை மோந்தான். படுக்க வச்சு எழுப்பினான். நான் பொறுமையில்லாதவன், "நாடி ஜோசியம் பாக்கணும்னா அதுக்கும் ஆளைக் கூட்டியாரவா?"ன்னு கேட்டுட்டேன். அவன் கோவிச்சுக்கல. மாட்டை ஓட்டிக்கிட்டு ரோட்டில இறங்கினவன் திரும்பிப் பார்த்துச் சொன்னான்:

"கயிறு உங்களதுதான் அண்ணே. கழுத்து மட்டும்தான் இப்போதைக்கு எங்களது."

வெள்ளிக்கிழமை வரைக்கும்

செவலை போய் அந்த ஆணி காலியா கிடந்த சமயத்தில, கோயில் நேர்த்திக்கு ஒரு கிடா வேணும்னு உக்குவளைப் பக்கத்து ஆள் ஒருத்தர் வந்தாரு. நல்ல கருங்கிடா. ஓட்டிக்கிட்டுப் போனவர் மறுநாளே திரும்பி வந்து நிக்கிறாரு. கிடா ரெண்டு தரம் தும்மிச்சாம். பனியில எனக்கே மூக்கு ஒழுகுதுய்யா, ஆட்டுக்குத் தும்மல் வந்தா என்னன்னு கேட்டேன். மனுசன் மசியல. அந்த நேரம் பார்த்து தம்புள்ளைப் பக்கம் மாடெல்லாம் சாகுதுன்னு ஒரு பேச்சு சந்தையில ஓடிக்கிட்டிருந்துச்சு. ஆட்டுக்கும் வருமோ மாட்டுக்கும் வருமோன்னு அவனவன் வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கிட்டிருந்தான்.

கிடாவை என் பட்டியிலேயே கட்டி, நானே தழை போட்டு, நானே சுக்குத் தண்ணி காட்டிப் பாத்துக்கணுமாம். அவரு தினமும் வந்து பாத்துட்டுப் போவாராம். வித்த ஆட்டுக்கு விருந்து போட்ட ஒரே வியாபாரி நானாத்தான் இருப்பேன். அவரு வந்து வந்து அதோட மூக்கைத் துடைச்சுப் பாக்குறதும், நெத்தியில கை வைக்கிறதும், பாசம்னா அப்படி ஒரு பாசம். "இவ்வளவு தூரம் பாக்குறீங்களே, எது வரைக்கும்தான்யா நான் இதுக்குப் பொறுப்பு?"ன்னு வெறுத்துப் போய்க் கேட்டேன். அவரு கொஞ்சமும் சிரிக்காம சொன்னாரு:

"வெள்ளிக்கிழமை வரைக்கும் இது உசுரோட இருக்கணும் முதலாளி, அதுக்கப்புறம் நாங்க பாத்துக்கிறோம்."

பங்களாவில் பால் இல்லை

அந்தக் கிடா போன கையோட மேலே ஒரு பங்களாவில இருந்து சமையல்கார அப்பு ஓடி வந்தாரு. நான் தொரைக்கு வித்த பசு ஒரு சொட்டுப் பால் தரமாட்டேங்குதாம். காலையில தொரை வெறும் சாயத்தண்ணியைக் குடிச்சுட்டு, அப்புவை வேலையை விட்டு வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாராம். என் கயிறுதான் பசு கழுத்தில கிடக்கு, அதனால நானும் துண்டை உதறிப் போட்டுக்கிட்டுக் கிளம்பினேன்.

மூச்சு வாங்க மலை ஏறிப் போய்ப் பார்த்தா பசு கல்லாட்டம் நிக்குது. மடி நிறைஞ்சுதான் இருக்கு. கன்னுக்குட்டி எங்கேன்னு கேட்டேன். அது கத்துற சத்தத்தில தொரைசாணி அம்மாவுக்குத் தலைவலி வருதுன்னு, லயத்துப் பக்கம் கொண்டுபோய்க் கட்டிட்டாங்களாம். கன்னு முட்டாம எந்தப் பசு சுரக்கும்? கன்னைக் கொண்டாந்து விட்டேன். ரெண்டு முட்டு முட்டுச்சு, பால் நுரைச்சுக்கிட்டு வந்துச்சு. எனக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு. நோய்க்குத்தான் நான் பொறுப்பு, கன்னைப் பிரிச்சா அதுக்கு நான் ஆள் இல்லைன்னு அப்புகிட்ட விளக்கமா சொல்லி, தொரைகிட்ட சொல்லச் சொன்னேன். அப்பு உள்ளே போனாரு. உள்ளே இங்கிலீசு கொஞ்ச நேரம் இடி இடிச்சுச்சு. அப்பு வெளியே வந்து கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னாரு:

"எல்லாம் சரியாம். கன்னுக்குட்டி போடுற சத்தத்துக்கு யாரு பொறுப்புன்னு தொரை கேக்கிறாரு."

பொங்கலோடு வந்தது

தை நெருங்கிச்சு. மாரிமுத்து செவலையைக் கருப்பனோட சோடி சேத்து, வெறும் வண்டியில பழக்கி, பாதி பாரம் ஏத்திப் பழக்கிக்கிட்டிருந்தான். ரோட்டில பாக்கிறப்பெல்லாம் என் கண்ணு அவன் முகத்துக்குப் போகாது, நேரா மாட்டுக் கழுத்துக்குத்தான் போகும். இன்னும் என் கயிறுதான். "என்னப்பா, இன்னுமா சோதனை?"ன்னா, "மேல இருந்து முழுப் பெட்டியோட ஒரு நடை இறக்கிப் பாத்துட்டுத் தாறேன் அண்ணே, வளைவில அது மிரளாம இருக்கணும்ல"ம்பான். நியாயம்தான். ஆனா தம்புள்ளைப் பக்கம் இருந்து வர்ற பேச்சு நாளுக்கு நாள் முத்திக்கிட்டு வந்துச்சு. மாட்டுக்கு வெக்கை நோய் வந்திருக்காம். வாயெல்லாம் புண்ணாகி, கண்ணில சீழ் வடிஞ்சு, பேதி போய், பட்டி பட்டியா விழுகுதாம். ஒவ்வொரு காலி ஆணியும் எனக்கு எமனாத் தெரிஞ்சுச்சு.

மாட்டுப் பொங்கல் அன்னைக்குச் சாயந்தரம் மாரிமுத்து பொஞ்சாதி செல்லாயி வந்தா. தலைக்குக் குளிச்சு, நெத்தி நிறையப் பொட்டு, கையில வாழை இலை மூடின தூக்குச் சட்டி. சர்க்கரைப் பொங்கல். அந்த இலைக்கு மேல சுருட்டி, மஞ்சள் தண்ணியில கழுவி, என் கயிறு! எனக்குப் பொங்கல் கண்ணில படவே இல்லைங்க. கயிறை வாங்கி, அவ படி இறங்குறதுக்குள்ள ஆணியில மாட்டிட்டேன். செவலை போன பிறகு அன்னைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன். மாடு மனசுக்குப் பிடிச்சுப் போச்சு போலன்னு நானா நினைச்சுக்கிட்டேன். அவ போறப்ப சொன்னதை அந்தச் சந்தோசத்தில நான் காதில வாங்கவே இல்ல:

"வருசத்துக்கு ஒரு நாள், எல்லா மாட்டுக்கும் புதுக் கயிறு போட்டாச்சுங்க. பழசு எதுக்கு வீட்டில கிடக்கணும்?"

ரோட்டுக்கு அந்தப் பக்கம்

மறுநாள் விடிஞ்சதும் தமுக்கடிச்சுக்கிட்டு வந்தாங்க. வெக்கை நாலந்தை ஊரையும் தாண்டி இந்தப் பக்கம் வந்துருச்சாம். எந்தப் பட்டி மாடும் ரோட்டில இறங்கக் கூடாது. நோய் கண்ட மாட்டைச் சுட்டுப் புதைக்கணும், அதோட ஒரே கொட்டிலில நின்ன மாட்டையும் சேத்துச் சுடணும். நோய் இருக்கிற கொட்டிலுக்குள்ள கால் வச்ச மனுசன், நோய் அடங்குற வரைக்கும் வேற பட்டிக்குள்ள காலடி வைக்கக் கூடாது. மாட்டு இன்ஸ்பெக்டர், சுடுறதுக்குத் துவக்குக்காரனையும் கூட்டிக்கிட்டு வீடு வீடா வர்றாராம்.

நானும் பக்கத்துப் பட்டி காசிம் நானாவும் நோய் உள்ளே வராம வாசலுக்குச் சுண்ணாம்பு அடிச்சுக்கிட்டிருந்தோம். காசிம் நானா என்னை விட மூத்தவர், நானான்னா அவங்க பேச்சில அண்ணன், மாத்தளையிலேயே ஏழெட்டுத் தலைமுறையா மாடு வித்த குடும்பம். அப்பத்தான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாரிமுத்து வந்து நின்னான். உள்ளே வரல. தலையில முண்டாசு இல்ல, மூஞ்சி வெளுத்துக் கிடக்கு. "கிட்ட வராதீங்க அண்ணே"ன்னு அவனே கத்தினான். செவலை விழுந்துருச்சாம். தண்ணி தொடல, அசை போடல, வாயில எச்சில் ஒழுகுது, வயித்தால போகுது.

திரும்பி ஆணியைப் பார்த்தேன். காசிம் நானாவும் பார்த்தாரு. மெதுவா என் காதுக்கிட்ட, "சுப்பையா, நான் செல்றதக் கேளு. கயிறு வந்திட்டு, கத முடிஞ்சிது. வாயத் தெறக்காத"ன்னாரு. நான் வாயைத் திறக்கல. மாரிமுத்துவும் கயிறைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. அவனுக்கு முறை தெரியும். கயிறு திரும்பிப் போனது தெரியும். போறதுக்குத் திரும்பினவன் சொன்னான்:

"உங்க பட்டியில மத்த மாட்டைப் பாத்துக்கங்க அண்ணே. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

செல்லாயி வந்தாள்

மாரிமுத்து அப்படிப் போயிட்டான். ஆனா செல்லாயி அப்படிப் போற ஆள் இல்ல. மழைத் தூறல்ல நனைஞ்சுக்கிட்டே வந்து, புருசன் நின்ன அதே இடத்தில நின்னு, ஊருக்கே கேக்கிற மாதிரிக் கூப்பிட்டா. "சுப்பையாண்ணே! மாடு வித்தீங்கள்ல, வந்து பாக்க மாட்டீங்களா?"

எனக்குக் கோபம் பொத்துக்கிட்டு வந்துச்சு. கோபம்னு சொல்றேன், பயம்தான் அது. என் பட்டியில அப்ப நின்ன மாடுகதான் என் வீடு, என் வாசல், எல்லாம். நோய் இங்கே தொத்தினா நானும் தெருவுக்குத்தான். "கயிறைக் கொண்டாந்து கொடுத்தது யாரு? நானா கேட்டேன்? மாடு திருப்தின்னுதானே கொடுத்தே? அதோட என் பொறுப்பு முடிஞ்சு போச்சு"ன்னு நானும் கத்தினேன்.

"யாரு சொன்னா திருப்தின்னு? பாரம் ஏத்திப் பாக்கவே இல்லையே இன்னும்!" அவ குரல் உடைஞ்சு போச்சு. "இன்ஸ்பெக்டர் வந்தா கருப்பனையும் சேத்துச் சுட்டுருவாங்களாம். ரெண்டும் போனா நாங்க எங்கேண்ணே போறது? கங்காணி அதுக்குள்ள ஆள் விட்டுட்டான், லயத்துக் காம்பரா காலியாத்தான் இருக்குன்னு." காசிம் நானா குறுக்கே பூந்து, முறைன்னு ஒண்ணு ஈக்கு, எல்லாரும் இப்படி வந்து நிண்டா வியாபாரம் நடக்குமான்னு நல்ல விதமாத்தான் சொன்னாரு. அவ அவரைப் பாக்கல. என்னை மட்டும் பாத்து, நிதானமா, ஒவ்வொரு வார்த்தையா சொன்னா:

"பொங்கலுக்குக் கயிறு மாத்துனது மாட்டுக்குச் செஞ்ச மரியாதைங்க. உங்களுக்குக் கொடுத்த ரசீது இல்ல."

பழைய கயிறு

அவ போயிட்டா. நான் சுண்ணாம்புச் சட்டியைப் பாத்துக்கிட்டே நின்னேன். முறைப்படி நான் தப்பிச்சாச்சு, ஒருத்தனும் என்னைக் குறை சொல்ல முடியாது. ஆனா முறை வச்சது எதுக்கு? வாங்கினவன் திருப்திப்பட்டானான்னு தெரிஞ்சுக்கத்தானே? அவன் திருப்திப்படலேன்னு ஊருக்கே தெரியுதே. எங்க ஆளுங்க ஊர் பூராவும் அன்னைக்கு எல்லா மாட்டுக்கும் கயிறு மாத்தினாங்க, நானே என் பட்டியில மாத்தினேன். அதை நான் சாட்சியா எடுத்துக்கிட்டா என்னை மாதிரி ஒரு கேடுகெட்டவன் இருக்க முடியுமா?

ஆணியில இருந்து கயிறை எடுத்தேன். காசிம் நானா என் கையைப் பிடிச்சாரு. "பைத்தியமா உனக்கு? அந்தக் கொட்டிலுக்குள்ள போனா திரும்பி ஒண்ட பட்டிக்கு வர ஏலாது. ஒண்ட மாட்டுக்கு ஆரு வைக்கோல் போடுற?" நான் கயிறைத் தோள்ல போட்டுக்கிட்டேன். அவரு என்னைத் திட்டின திட்டு இருக்கே, அதை இங்கே சொன்னா நீங்க காதைப் பொத்திக்குவீங்க. திட்டி முடிச்சுட்டு, எங்க ரெண்டு பட்டிக்கும் நடுவில இருந்த படலைப் பிடுங்கிப் போட்டாரு. "போ. அல்லாட காவல். ஒண்டையும் எண்டையும் ஒண்ணாப் பாத்துக்கிறன்."

மாரிமுத்துவோட கொட்டிலுக்குள்ள நுழைஞ்சதும் முதல் வேலையா என் பழைய கயிறைச் செவலை கழுத்தில போட்டு, புதுக் கயிறை அவிழ்த்து மாரிமுத்து கையில கொடுத்தேன். அவன் வாயைப் பொத்திக்கிட்டு அழுதான். கருப்பன் மூலையில நின்னு மிரள மிரளப் பாத்துக்கிட்டிருந்தான். நான் குனிஞ்சு செவலையோட உதட்டைப் பிரிச்சேன். ஈறில புண்ணு இருக்கான்னு பார்த்தேன், இல்ல. நாக்குக்கு அடியில பார்த்தேன், அங்கேயும் இல்ல. கண்ணில சீழ் இல்ல, காதும் கொதிக்கல. ஆனா இடது பக்கம் வயிறு பானை கணக்கா உப்பி நிக்குது. கழிச்சல் புளிச்ச கஞ்சி வாடை அடிக்குது.

"நேத்து இது என்ன தின்னுச்சு?"ன்னு கேட்டேன். மாரிமுத்து வைக்கோல்னான். செல்லாயி மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா. சத்தம் போட்டுக் கேட்டேன். முந்தானையைக் கடிச்சுக்கிட்டுச் சொன்னா:

"கருப்பனுக்கு வருசா வருசம் வைக்கிற பொங்கல்தாண்ணே. இது வீட்டுக்கு வந்த முதல் பொங்கலாச்சேன்னு, பெரிய பானையை அப்படியே இதுக்கு வச்சுட்டேன்."

பொழுது சாயுமுன்

அடி பாவி மகளே! பச்சரிசியும் வெல்லமும் பழக்கமே இல்லாத மாட்டுக்கு ஒரு பானை! உள்ளே போய்ப் புளிச்சு, பொங்கி, நெஞ்சை அடைச்சுக்கிட்டு நிக்குது. வெக்கை இல்லைன்னு எனக்கு முக்காவாசி நம்பிக்கை வந்துச்சு. ஆனா பொங்கலும் மாட்டைக் கொல்லும், அதுக்குத் துவக்கு தேவையில்ல.

நல்லெண்ணெயையும் இஞ்சிச் சாறையும் பெருங்காயத்தையும் கரைச்சு மூங்கில் குழாயில ஊத்தி வாய்க்குள்ள இறக்கினோம். தோள் கொடுத்து எழுப்பி, கொட்டிலுக்குள்ளேயே நடத்தினோம். மாறி மாறி வயித்தைத் தேய்ச்சோம். அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்டர் வந்தாரு, பின்னால துவக்குக்காரன். நாங்க சிங்களத்தில சொன்ன கதையைப் பொறுமையாத்தான் கேட்டாரு. வாயைத் தானும் பிரிச்சுப் பாத்தாரு. "புண்ணு இன்னைக்கு இல்லேன்னா நாளைக்கு வரலாம், நான் ஒரு மாட்டுக்காக ஊர் மாட்டை எல்லாம் பணயம் வைக்க முடியாது"ன்னாரு. அவரு சொன்னதிலயும் நியாயம் இருந்துச்சு, அதுதான் பயமா இருந்துச்சு. வெக்கை கண்ட மாடு திரும்ப அசை போடாது. பொழுது சாயறதுக்குள்ள இது அசை போட்டா விடுறேன், இல்லேன்னா ரெண்டையும் சுடுறதைத் தவிர வழியில்லைன்னுட்டு, வாசல்ல ஒரு பெட்டியைக் கவுத்துப் போட்டு உக்காந்துட்டாரு. துவக்குக்காரன் துவக்கைச் சுவத்தில சாத்தினான். கொட்டிலுக்குள்ள இருந்து பாத்தா அது நேரா எங்க கண்ணுக்குத்தான் தெரியுது.

வெயில் கூரையை விட்டு இறங்குச்சு. மலைப் பக்கம் மூட்டம் ஏறிக்கிட்டே வந்துச்சு. மாரிமுத்து வாய்க்குள்ள மாரியம்மாவைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தான். செவலை ஒரு பெரிய ஏப்பம் விட்டுச்சு. நாங்க மூச்சைப் பிடிச்சோம். ஒண்ணும் இல்ல. செல்லாயி அதோட மூஞ்சிக்கு நேரா குந்திக்கிட்டு, அதோட தாடையையே பாத்துக்கிட்டிருந்தா. பாத்துக்கிட்டே, தன்னை அறியாம, வெறும் வாயை மென்னுக்கிட்டிருந்தா. இடதும் வலதுமா, மாடு மாதிரியே. சிரிக்கிற நேரமா அது? எனக்கு அழுகைதான் வந்துச்சு.

இருட்டுக் கட்ட ஆரம்பிச்சப்ப, செவலை தொண்டையில ஒரு உருண்டை மேலே ஏறுச்சு. தாடை ஒரு தரம் அசைஞ்சுச்சு. நின்னுச்சு. திரும்ப அசைஞ்சுச்சு. அப்புறம் நிக்கவே இல்ல. செல்லாயி தலையை அதோட நெத்தியில வச்சு ஓன்னு அழுதா. இன்ஸ்பெக்டர் எழுந்திரிச்சு, உடுப்பைத் தட்டிக்கிட்டு, தனக்குத் தெரிஞ்ச தமிழ்ல சொன்னாரு:

"மாடு போட முந்தி அந்தப் பொம்பளை அசை போட்டது. மாடு பாத்துப் படிச்சது போல."

இன்னும் காலி

புண்ணு எதுவும் வராதுன்னு உறுதியாகிற வரைக்கும் அவங்க கொட்டில் ஓரத்திலேயே சாக்கை விரிச்சுக் கிடந்தேன். காசிம் நானா ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு என் மாடுகளைப் பத்திச் சேதி சொல்லிட்டு, கூடவே ரெண்டு திட்டும் திட்டிட்டுப் போவாரு. என் பட்டிக்கும் அவரு பட்டிக்கும் வெக்கை வரல, எந்தச் சாமி புண்ணியமோ. ரோடு திறந்த அன்னைக்கே மாரிமுத்து வண்டி மேலே போச்சு. கிளாக்கர் ஊர் பூராவும் வண்டி நின்னு போனதுனால பொறுத்திருந்தாராம். முழுப் பெட்டியோட வளைவெல்லாம் இறங்கி என் பட்டியைத் தாண்டி ஸ்டேசனுக்குப் போறப்ப, செவலையும் கருப்பனும் தலையை ஆட்டிக்கிட்டுப் போனதை நான் வாசல்ல நின்னு பாத்தேன். நெஞ்சு நிறைஞ்சு போச்சுங்க.

அப்புறம் என் கயிறுக்காகக் காத்திருந்தேன். வரல. வண்டி போகுது வருது, கழுத்தில என் கயிறுதான். மாரிமுத்துகிட்ட கேட்டா, "அவகிட்ட கேளுங்க அண்ணே"ன்னு மாட்டை விரட்டிடுறான். அடுத்த தையும் வந்துச்சு. மாட்டுப் பொங்கலுக்குச் செல்லாயி பொங்கல் கொண்டு வந்தா. இலையைத் தூக்கிப் பார்த்தேன், கயிறு இல்ல. கருப்பன் கழுத்தில புதுக் கயிறு பளபளன்னு கிடக்கு, செவலை கழுத்தில மட்டும் என் பழைய கயிறு, மஞ்சள் தடவி, குங்குமம் வச்சு. "எல்லா மாட்டுக்கும் மரியாதை பண்றே, செவலை மட்டும் என்ன பாவம் செஞ்சுச்சு? கயிறை மாத்தித் தாம்மா, ஒரு வருசமா ஆணி காலியாக் கிடக்கு"ன்னேன். அவ சட்டியை என் கையில கொடுத்துட்டு, சிரிச்சுக்கிட்டே படி இறங்கினா:

"உங்க கயிறு கிடக்கிற வரைக்கும்தானேண்ணே உங்க பொறுப்பு? கிடக்கட்டும்."

ஆக, என் அனுபவத்தில மாட்டுக்கு வர்ற நோய்க்குப் பொறுப்பு சொல்லிடலாம், அதுக்குப் பானை நிறையப் பொங்கல் வைக்கிறவ பாசத்துக்கு எந்த வியாபாரியாலும் பொறுப்பு சொல்ல முடியாதுங்க.